நினைப்பதற்கு எத்தனை சொல்!

தராசில் பிறந்த சொல் ஒன்று. மோப்பத்தில் பிறந்த சொல் இன்னொன்று. லத்தீன் மொழியின் பிள்ளைகள் அபிப்பிராயம் சொல்லும் விதமே தனி!

கி.மு. 2-ம் நூற்றாண்டு. ரோமாபுரியின் செனட் சபை கூடியிருந்தது. கிழவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் கேட்டோ. வயது 80-ஐத் தாண்டிவிட்டது.

பேச்சின் நடுவே அவர் தம் மேலாடையை உதறினார். மடிப்பிலிருந்து அத்திப் பழம் தரையில் விழுந்தது. அதன் பருமனையும் அழகையும் கண்டு சபையோர் வியந்தார்கள்.

அந்தப் பழம் விளைந்த நாடு ரோமாபுரியிலிருந்து கப்பலில் மூன்றே நாள் பயணம்தான் என்று கேட்டோ சொன்னார்.

சபை வாயடைத்துப் போயிற்று. அவர் குறிப்பிட்டது கார்த்தேஜ் நகரத்தை. இன்றைய துனீசியாவின் கடற்கரையில் இருந்த பெரிய வணிக நகரம் அது. ரோமாபுரியின் பழைய பகைவன். தோற்றுப் போன அந்த நகரம் மறுபடியும் செழித்து நிற்பதைக் கேட்டோ நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அதன் பிறகு எந்த விஷயத்தைப் பற்றிப் பேசினாலும், கார்த்தேஜ் அழிய வேண்டும் என்பதே தம் கருத்து என்று சொல்லித்தான் அவர் பேச்சை முடிப்பாராம். ஸ்கிப்பியோ நாசிகா என்ற மற்றொரு தலைவரோ, கார்த்தேஜ் இருக்க வேண்டும் என்பதே தம் கருத்து என்று சொல்லி முடிப்பாராம். கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் இதை எழுதி வைத்திருக்கிறார்.

யாருடைய கருத்து வென்றது?

கி.மு. 149-ல் போர் மூண்டது. அதே ஆண்டில் கேட்டோ இறந்தார். கி.மு. 146-ல் கார்த்தேஜ் நகரம் எரிந்து சாம்பலாயிற்று. உயிர் பிழைத்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

அபிப்பிராயம் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. அதைச் சொல்லும் சொல்லும் அப்படித்தான்.

சபையில் கேட்ட கேள்வி

ரோமாபுரியின் செனட் சபையில் தலைவர் ஒவ்வோர் உறுப்பினரையும் பெயர் சொல்லி அழைப்பார். "உன் மதிப்பீடு என்ன?" என்று கேட்பார். உறுப்பினர் எழுந்து "கென்ஸியோ" என்று தம் கருத்தைச் சொல்வார்.

"கென்ஸியோ" என்றால் "நான் இப்படி மதிப்பிடுகிறேன்" என்று பொருள். சொத்தை மதிப்பிடுவதற்கும் இதே சொல்தான். மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதை "சென்சஸ்" என்கிறோமே, அது இந்தச் சொல்லின் வழி வந்தது. சினிமாப் படத்தைப் பார்த்து வெட்டுகிற "சென்சார்" என்ற சொல்லும் அப்படியே. ரோமாபுரியில் குடிகளின் கணக்கையும் ஒழுக்கத்தையும் கவனித்த அதிகாரிக்குச் "சென்சார்" என்று பெயர். கேட்டோவே கி.மு. 184-ல் அந்தப் பதவியை வகித்தவர்தான்!

எல்லோரும் கருத்துச் சொன்ன பிறகு ஓட்டெடுப்பு நடக்கும். கை தூக்குவது கிடையாது. யாருடைய கருத்து பிடித்திருக்கிறதோ, அவர் இருக்கும் பக்கம் எழுந்து நடந்து போக வேண்டும். காலால் போட்ட ஓட்டு!

தாயும் பிள்ளைகளும்

ரோமாபுரியின் மொழி லத்தீன். ரோமானியப் படைவீரர்களும் வியாபாரிகளும் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. பேரரசு சரிந்த பிறகு ஒவ்வொரு நாட்டிலும் லத்தீன் ஒவ்வொரு விதமாக மாறியது. நாளடைவில் தனித் தனி மொழிகள் ஆயின.

இத்தாலியன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ருமேனியன், கத்தலான் ஆகியவை லத்தீன் பெற்ற பிள்ளைகளில் முக்கியமானவை. இவற்றை ரோமானிய இன மொழிகள் என்பார்கள். இன்று இவற்றைத் தாய்மொழியாகப் பேசுவோர் 80 கோடிக்கும் அதிகம்.

தாய் வீட்டுச் சொத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது போல், "நினைக்கிறேன்" என்பதற்கு லத்தீனில் இருந்த சொற்களை இந்த மொழிகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கிய சொல்லை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒருவர் வீட்டில் ஏர் உழுத சொல், இன்னொருவர் வீட்டில் பல்லக்கு ஏறியது!

கிளை வெட்டிய சொல்

லத்தீனில் "புத்தாரே" என்று ஒரு சொல். திராட்சைக் கொடியின் வேண்டாத கிளைகளைக் கழித்துச் சுத்தம் செய்வதற்குப் பெயர் அது.

கொடியைச் சுத்தம் செய்வது போலக் கணக்கையும் சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா? ஆகவே கணக்குப் பார்ப்பதற்கும் அந்தச் சொல் வந்தது. கணக்குப் பார்ப்பவன் யோசிக்கிறான். ஆகவே "நினைப்பது" என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

இது தமிழர்களுக்கு வியப்பாக இராது. "எண்ணுதல்" என்கிறோம். காசை எண்ணுகிறோம். மனத்திலும் எண்ணுகிறோம். ஒரே சொல்தான்!

"புத்தாரே" பின்னாளில் நினைப்பு வேலையை விட்டுவிட்டது. ஸ்பானிஷ் விவசாயி இன்றும் கிளை கழிப்பதற்கு "போதார்" என்கிறான். சொல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. ஆனால் அதன் உறவுச் சொல் ஒன்று உலகம் முழுவதும் வலம் வருகிறது. "கம்ப்யூட்டர்" என்ற பெயரின் வேரில் இருப்பது இந்தப் "புத்தாரே"தான்!

தராசில் பிறந்த நினைப்பு

அதன் இடத்தைப் பிடித்த சொல் "பென்சாரே". இதன் பழைய பொருள், எடை போடுவது.

பொருளைத் தராசில் இட்டு நிறுப்பது போல, இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம் என்று மனத்தில் நிறுத்துப் பார்ப்பது. தமிழில் "சீர்தூக்கிப் பார்த்தல்" என்கிறோமே, அதுவும் தராசைத் தூக்கும் வேலைதானே?

இந்த ஒரு சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழியில் இரண்டு சொற்கள் கிளைத்தன. "பெஸே" என்றால் நிறுப்பது. "பான்ஸே" என்றால் நினைப்பது. ஸ்பானிஷிலும் அப்படியே. "பெசார்" என்றால் நிறுப்பது. "பென்சார்" என்றால் நினைப்பது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஒருவன் கடைத் தெருவுக்குப் போனான். ஒருவன் கல்லூரிக்குப் போனான்!

மெக்சிகோ நாட்டு நாணயத்துக்குப் "பெசோ" என்று பெயர். அதற்கும் எடை என்றுதான் பொருள்.

துக்க வீட்டில் ஸ்பானிஷ்காரர் ஆறுதல் சொல்வதற்குப் "பெசாமே" என்று பெயர். "எனக்குப் பாரமாக இருக்கிறது" என்பது அதன் நேர்ப் பொருள்.

மலைவாசத் தலங்களின் தோட்டங்களில் "பான்சி" என்ற பூ பூக்கிறது. முகம் போலவே தோற்றம் தரும் வண்ணப் பூ. "நினைப்பு" என்ற பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயரானது.

ஆகவே ஒருவர் "பென்சார்" என்ற சொல்லை எடுத்தால், அதன் பழைய பொருளின்படி, நிறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இதயத்தை வைப்பது

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க முடியுமா? சிலவற்றை நம்ப வேண்டியிருக்கிறது.

அதற்கு லத்தீன் தந்த சொல் "கிரேதெரே". இத்தாலியில் அது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிரெஞ்சில் "க்ருவார்" ஆயிற்று. ஸ்பானிஷில் "கிரேயெர்" ஆயிற்று. ருமேனியனில் "கிரேதே". பெரிய பிள்ளைகள் எல்லோரும் தவறாமல் வாங்கிக்கொண்ட சொத்து இது.

இந்தச் சொல் எப்படிப் பிறந்தது? "இதயத்தை வைப்பது" என்ற மிகப் பழைய தொடரிலிருந்து பிறந்தது என்று மொழி அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அதே பழைய தொடரிலிருந்து சமஸ்கிருதத்தில் பிறந்த சொல் "சிரத்தா". அதைத்தான் தமிழில் "சிரத்தை" என்கிறோம். "சிரத்தையோடு படி" என்று தாய் மகனிடம் சொல்கிறாள். ரோமாபுரிச் சொல்லுக்கு அது தூரத்துப் பங்காளி!

கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணம் லத்தீனில் "கிரேதோ" என்ற சொல்லோடு தொடங்கும். "விசுவசிக்கிறேன்" என்று பொருள். கடைக்காரர் தரும் "கிரெடிட்" என்ற கடனும் இதே சொல்லின் வழியில் வந்தது. நம்பிக்கை இல்லாமல் கடன் ஏது?

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். கோவிலில் மலை போல் நிற்கும் இந்தச் சொல், தெருவுக்கு வந்தால் மெலிந்து போகிறது.

"தபால்காரர் வந்துவிட்டாரா?" என்று ஒரு பிரெஞ்சுக்காரரிடம் கேளுங்கள். "வந்துவிட்டார்" என்று சொன்னால் வந்துவிட்டார். "வந்துவிட்டார், க்ருவார்" என்ற பாணியில் சொன்னால், அவருக்கு நிச்சயமில்லை என்று பொருள். "வந்திருப்பார் போலிருக்கிறது" என்பதற்குச் சமம்.

கடவுளை நம்புகிறேன் என்பதற்கும், தபால்காரர் வந்திருப்பார் என்பதற்கும் ஒரே சொல்! எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் கனம்.

சுவைத்தவர்தான் சொல்லலாம்

பிரெஞ்சு மொழியில் இன்னொரு சொல் உண்டு. அது "த்ரூவே". கண்டுபிடிப்பது என்று பொருள். தொலைந்த சாவியைக் கண்டுபிடிப்பதற்கும் அதுதான். அபிப்பிராயம் சொல்வதற்கும் அதுதான்.

"சூப்பில் உப்பு அதிகம் என்று காண்கிறேன்" என்று பிரெஞ்சுக்காரர் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர் அந்தச் சூப்பை ஒரு கரண்டியாவது குடித்திருக்க வேண்டும்!

அடுத்த வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு "த்ரூவே" போட முடியாது. பார்க்காத சினிமாவை "நன்றாக இல்லை என்று காண்கிறேன்" என்று சொன்னால், கேட்பவர் "எப்போது பார்த்தீர்கள்?" என்பார். பார்க்காதவர் "க்ருவார்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நாளை மழை வரும் என்பதற்கும் "த்ரூவே" உதவாது. நாளைய மழையில் இன்று யார் நனைந்தார்கள்?

பிரெஞ்சு மொழி அறிஞர் ஓஸ்வால்த் துக்ரோ 1975-ல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். படிக்காத பாட்டிக்கும் தெரிந்த விதிதான் அது. ஆனால் அதை எடுத்து விளக்கிச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டியிருந்தது.

மோப்பம் பிடித்த சொல்

இனிப் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் போவோம். அங்கேயும் அபிப்பிராயம் சொல்லக் "கண்டுபிடிக்கும்" சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சொல் வேறு. அது "அஷார்".

இதன் மூலம் லத்தீனில் "அப்லாரே". மூச்சு விடுவது, ஊதுவது என்று பொருள். மூச்சு எப்படிக் கண்டுபிடிப்பு ஆயிற்று? வேட்டை நாயை நினைத்துப் பாருங்கள். அது மோப்பம் பிடித்துக்கொண்டே போய் இரையைக் கண்டுபிடிக்கிறது. மோப்பம் பிடிப்பதே கண்டுபிடிப்பதாக மாறிவிட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

ஸ்பானிஷில் இதே சொல் "அயார்" என்று மாறியது. காண்பது என்று பொருள். ருமேனியனில் "அப்லா" என்று மாறியது. செய்தி அறிவது என்று பொருள்.

போர்ச்சுகீஸ்காரர் இந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரரைப் போலச் சிக்கனமாகச் செலவு செய்வதில்லை. "நாளை மழை வரும் என்று அஷு" என்று தாராளமாகச் சொல்வார். பார்த்ததற்கும் அதுவே, பார்க்காததற்கும் அதுவே. வீட்டிலும் தெருவிலும் நாள் முழுவதும் இந்தச் சொல் ஒலிக்கும்.

இந்தத் தாராளத்துக்குப் பிரேசில் மக்களே ஒரு கிண்டல் பெயரும் வைத்துவிட்டார்கள். அது "அஷிஸ்மோ". ஆதாரம் எதுவும் இல்லாமல் "அப்படித்தான் இருக்கும்" என்று அடித்து விடுகிற பழக்கத்துக்கு இந்தப் பெயர். அகராதியிலும் ஏறிவிட்டது!

எனக்குத் தோன்றுகிறது

இதுவரை பார்த்த சொற்களில் "நான்" முன்னால் நிற்கிறேன். நான் நிறுக்கிறேன், நான் நம்புகிறேன், நான் காண்கிறேன்.

இன்னொரு வகை உண்டு. அதில் "நான்" கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறேன். விஷயம் தானாக என் முன் வந்து தோன்றுகிறது.

ஸ்பானிஷ்காரர் "மே பரேசே" என்கிறார். இத்தாலியர் "மி பாரே" என்கிறார். ருமேனியர் "மி ஸெ பாரே" என்கிறார். பிரெஞ்சுக்காரர் வேறு வேர்ச்சொல்லை எடுத்து "இல் ம சாம்ப்ல்" என்கிறார். நான்குக்கும் பொருள் ஒன்றே. "எனக்குத் தோன்றுகிறது!"

தமிழர்களும் இப்படித்தானே சொல்கிறோம்? "நான் தோன்றுகிறேன்" என்றா சொல்கிறோம்? "எனக்குத் தோன்றுகிறது", "எனக்குப் படுகிறது" என்கிறோம். பிறப்பால் உறவு இல்லாத மொழிகள். ஆனால் பணிவு ஒரே மாதிரி!

ருமேனியர் மன்னிப்புக் கேட்பதற்கும் இந்தச் சொல்லையே பயன்படுத்துவார். "எனக்குக் கெட்டதாகத் தோன்றுகிறது" என்பார். "வருந்துகிறேன்" என்று அர்த்தம்.

போர்ச்சுகீஸில் இதே சொல் கோட்டுப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கும் போகிறது. வழக்கில் சட்ட நிபுணர் எழுதித் தரும் கருத்துரைக்குப் "பரெசேர்" என்று பெயர். "தோன்றியது" என்பதே அதன் நேர்ப் பொருள்.

கவலையும் காதலும்

சில சொற்கள் பயணம் போன இடத்திலேயே குணம் மாறிவிட்டன.

லத்தீனில் "கோகிதாரே" என்றால் சிந்திப்பது. ஸ்பானிஷில் அது "குயிதார்" ஆயிற்று. முதலில் நினைப்பது என்றுதான் பொருள் இருந்தது. பிறகு? ஒருவரை ஓயாமல் நினைப்பவர் அவரைக் கவனித்துக்கொள்வார் அல்லவா? இன்று "குயிதார்" என்றால் பேணிக் காப்பது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்சுக்கும் உரிய சொல்.

ருமேனியாவில் நேர் எதிராக நடந்தது. பக்கத்து நாடான ஹங்கேரியின் மொழியில் "கோண்ட்" என்றால் கவலை. அதை ருமேனியர் கடன் வாங்கினார்கள். அவர்கள் வாயில் அது "கின்ட்" ஆகி, எண்ணம் என்று பொருள் மாறியது. ஸ்பெயினில் நினைப்பு கவலையாயிற்று. ருமேனியாவில் கவலை நினைப்பாயிற்று!

எல்லாவற்றிலும் இனிய பயணம் "எஸ்திமாரே" என்ற சொல்லுடையது. லத்தீனில் அதற்கு விலை மதிப்பிடுவது என்று பொருள். பிரெஞ்சில் "எஸ்திமே" என்று வழங்குகிறது. அதிகாரிகளும் நிபுணர்களும் கருத்துச் சொல்லும்போது இதைப் பயன்படுத்துவார்கள்.

ஆனால் பார்சலோனா நகரத்தில், கத்தலான் மொழி பேசும் இளைஞன் தன் காதலியிடம் சொல்வது எது தெரியுமா? "தெஸ்திமு!" நேர்ப் பொருள், "உன்னை மதிக்கிறேன்." அந்த மொழியில் "உன்னைக் காதலிக்கிறேன்" என்பதற்கு அதுதான் சொல். பொருளுக்கு விலை போட்ட சொல், விலை போட முடியாததற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இலக்கணத்தின் கண்டிப்பு

அபிப்பிராயச் சொல்லுக்குப் பின்னால் வரும் சொல்லையும் கவனிக்க வேண்டும். இங்கேதான் இலக்கணம் பிரம்பை எடுக்கிறது.

இத்தாலிய மொழியில் "மரியா வீட்டில் இருக்கிறாள்" என்று சொல்ல "எ" என்ற ஓரெழுத்துச் சொல் போதும். அதற்கு "இருக்கிறாள்" என்று பொருள். "மரியா வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்" என்றாலும் அதே "எ"தான். தெரிந்த விஷயம், உறுதியான சொல்.

ஆனால் "மரியா வீட்டில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன்" என்றால் "எ" கூடாது. "சியா" என்று மாற்ற வேண்டும். "இருக்கலாம்" என்பது போன்ற சாயல் அதற்கு உண்டு.

அதாவது, இத்தாலியர் "நினைக்கிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில், பின்னால் வரும் வினையும் "இது உண்மை என்று நான் சத்தியம் செய்யவில்லை" என்று ஒப்புக்கொள்கிறது! மறந்துபோய் "எ" என்றே சொல்லிவிட்டால், பள்ளி ஆசிரியர் திருத்துவார். பேச்சு வழக்கில் பலர் அப்படிச் சொல்வதும் உண்டு. அதைக் கேட்டு, மொழி கெட்டுப் போகிறதே என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு.

ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீஸ் மொழிகள் இத்தனை கண்டிப்பு இல்லை. "அவன் வருவான் என்று நினைக்கிறேன்" என்றால் உறுதியான வினையே வரும். "அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை" என்று மறுத்தால்தான் வினை வடிவம் மாறும். ஸ்பானிஷ்காரர் தம் நினைப்பைத் தாமே நம்புகிறார். இத்தாலியருக்கு அதிலும் கொஞ்சம் சந்தேகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இது வெறும் வாத்தியார் விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் அதே இத்தாலியில், "நினைத்தாயா, நம்பினாயா?" என்ற கேள்வி ஒரு பெரிய மனிதரை மண்டியிட வைத்தது.

இரண்டு வினைச் சொல்லுக்காக ஒரு வழக்கு

அவர் கலிலியோ. 1564-ல் பைசா நகரத்தில் பிறந்தவர். தூரதிருஷ்டிக் கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பி, வியாழனைச் சுற்றும் சந்திரன்களைக் கண்டவர்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று போலந்து நாட்டு அறிஞர் கோப்பர்நிக்கஸ் சொல்லியிருந்தார். அது வேதத்துக்கு விரோதம் என்று திருச்சபை 1616-ல் முடிவு கட்டியது. அந்தக் கருத்தைக் கைவிடும்படி கலிலியோவை எச்சரித்தார்கள். அதை அவர் கொள்ளவும் கூடாது, கற்பிக்கவும் கூடாது, அதற்காக வாதாடவும் கூடாது என்று திருச்சபை ஆவணம் ஒன்றில் குறிப்பும் ஏறியது.

கலிலியோ என்ன செய்தார்? 1632-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அறிஞர்களின் லத்தீனில் எழுதவில்லை. மக்கள் பேசும் இத்தாலியனில் எழுதினார். அதில் மூன்று பேர் நான்கு நாள் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள். பூமி சுற்றுகிறது என்று ஒருவர். இல்லை என்று மற்றவர். நடுவே கேள்வி கேட்பவர் ஒருவர். எது தம் கருத்து என்று ஆசிரியர் நேராகச் சொல்லவில்லை.

ஆனாலும் யாரும் ஏமாறவில்லை. கலிலியோவை ரோமாபுரிக்கு அழைத்து விசாரித்தார்கள். அப்போது அவருக்கு வயது 69.

விசாரணையில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்றே. பூமி சுற்றுகிறது என்ற கருத்தை அவர் "கொண்டாரா"? எழுதினாரா என்பதில் சந்தேகம் இல்லை. புத்தகம் கண் முன்னே இருக்கிறது. ஆராய்ந்தார், விவரித்தார் என்றால் ஒரு கணக்கு. உள்ளத்தில் உண்மை என்று கொண்டார் என்றால் வேறு கணக்கு. 1616-ல் எச்சரித்த பிறகு தாம் அந்தக் கருத்தைக் கொண்டதில்லை என்று கலிலியோ பதில் சொன்னார்.

1633-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி தீர்ப்பு வந்தது. பூமி சுற்றுகிறது என்ற கொள்கையைக் "கொண்டார்", "நம்பினார்" என்று அவர் மீது பலத்த சந்தேகம் இருப்பதாகத் தீர்ப்பு கூறியது. இரண்டே வினைச் சொல்!

அந்த முதியவர் மண்டியிட்டு, அந்தக் கருத்தைத் துறப்பதாக வாசித்தார். பிறகு பிளாரன்ஸ் நகருக்கு அருகில் தம் வீட்டிலேயே காவலில் வாழ்ந்தார். கண் பார்வையையும் இழந்தார். 1642-ல் காவலிலேயே இறந்தார்.

1992-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கலிலியோ விஷயத்தில் அன்றைய நீதிபதிகள் தவறு செய்துவிட்டதை ஒப்புக்கொண்டார். இடையில் 350 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பூமி ஓயாமல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சொல் காட்டும் மனம்

ஒரு மனிதர் கருத்துச் சொல்லும்போது, கருத்தை மட்டும் சொல்வதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறார். நிறுத்துப் பார்த்தாரா, நெஞ்சார நம்புகிறாரா, சுவைத்துக் கண்டாரா, சும்மா தோன்றியதா? லத்தீன் மொழியின் பிள்ளைகள் அதற்குத் தனித் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள்.

தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. எண்ணுகிறேன், கருதுகிறேன், நம்புகிறேன், தோன்றுகிறது, படுகிறது என்று வரிசையாக இருக்கின்றன. அவசரத்தில் இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, "அவன் அப்படித்தான்", "அது நடக்காது" என்று முடிவாகச் சொல்லிவிடுகிறோம். காதில் விழுந்த செய்தியும் கண்ணால் கண்ட செய்தியும் ஒரே மாதிரி வாயிலிருந்து புறப்படுகின்றன. எத்தனையோ குடும்பச் சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

"அண்ணி கோபமாக இருக்கிறாள்" என்பதற்கும், "அண்ணி கோபமாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது" என்பதற்கும் இடையில் இரண்டே சொல்தான் வித்தியாசம். முதல் பேச்சு சண்டைக்குப் போகும். இரண்டாவது பேச்சு, அண்ணியிடமே போய்க் கேட்கச் சொல்லும்.